அட்டவணை எங்கே இருக்கிறது?

பவர்ஷெல்லைத் திறந்து ‘கெட்-பிராசஸ்’ என்று கட்டளையிட்டால், கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியல் அட்டவணையாக வந்து விழும். அதில் ‘டபிள்யூஎஸ்(எம்)’ என்றொரு தலைப்பு இருக்கும். ஒவ்வொரு நிரலும் நினைவகத்தில் எத்தனை மெகாபைட் பிடித்திருக்கிறது என்பதை அதன் கீழுள்ள எண்கள் சொல்லும். புதிதாகக் கற்பவர் பெரும்பாலும் அந்தத் தலைப்பையே பண்பின் பெயராக எடுத்துக்கொண்டு, 100 மெகாபைட்டுக்கு மேல் பிடித்தவற்றை மட்டும் வடிகட்டச் சொல்வார். எதுவும் வராது, பிழைச் செய்திகூட வராது. அப்படியொரு பண்பு அந்த ஆப்ஜெக்ட்களில் எதிலுமே கிடையாது என்பதுதான் காரணம். உள்ளே இருப்பது ‘வொர்க்கிங்செட்64’. அதன் மதிப்பு பைட்டுகளில் இருக்கிறது. அந்த எண்ணை மெகாபைட்டுக்கு வகுத்து, இரண்டு தசம இடங்களோடு நிறுத்தி, பத்துக் கட்ட அகலத்தில் வலப்பக்கம் ஒட்டவைத்து, மேலே தலைப்பும் எழுதியது கெட்-பிராசஸ் கட்டளை இல்லை.

அந்த வேலையைச் செய்வதற்கான குறிப்பு தனியாக ஓரிடத்தில் இருக்கிறது. இந்த வகை ஆப்ஜெக்ட் வந்தால் இந்தத் தலைப்புகள், இந்த அகலங்கள், இந்தக் கணக்குகள் என்று அது சொல்கிறது. அந்தக் குறிப்பும் ஓர் ஆப்ஜெக்ட்தான். அதன் கிளாஸின் பெயர் ‘எக்ஸ்டெண்டட் டைப் டெஃபினிஷன்’. தரவைச் சுமக்கும் வேலை அதற்கு இல்லை. தரவு எப்படித் தோன்ற வேண்டும் என்பதை விவரிப்பது மட்டுமே அதன் வேலை. கட்டளை வரியின் ஐம்பதாண்டு வரலாற்றில் இப்படியொரு கிளாஸ் தேவைப்பட்டது ஏன், அது எதைத் தீர்த்தது, எதைப் புதிதாகக் கெடுத்தது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யூனிக்ஸில் இப்படி எதுவும் இல்லை. அங்கே அதற்கான தேவையும் எழவில்லை. நிரல்களை ஒன்றோடொன்று குழாய்போல இணைக்க வேண்டும் என்று டக் மெக்கில்ராய் 1964-இலேயே பெல் ஆய்வகத்தில் ஒரு குறிப்பு எழுதினார். 1973-இல் கென் தாம்சன் அதை யூனிக்ஸுக்குள் கொண்டுவந்தார். குழாயில் ஓடியது வெறும் எழுத்து வரிசை. ஒரு நிரல் எழுதியதை அடுத்த நிரல் வாசித்தது. அதே வரிசையை மனிதரும் வாசித்தார். ஒரு நிரலின் வெளியீடு இன்னும் பிறக்காத வேறொரு நிரலுக்கு உள்ளீடாகப் போகலாம் என்று எண்ணி எழுதுங்கள், இறுக்கமான நெடுவரிசைகளைத் தவிருங்கள் என்று மெக்கில்ராயே பிற்பாடு அறிவுரை சொன்னார். நெடுவரிசை கண்ணுக்கு நல்லது, அடுத்த நிரலுக்குத் தொல்லை என்பது அப்போதே தெரிந்திருந்தது.

ஆனால் டெர்மினலின் முன் அமர்ந்திருப்பவருக்கு நெடுவரிசை வேண்டும். இந்த இழுபறி வெளிப்படையாகத் தெரியும் இடம் ‘எல்எஸ்’ கட்டளை. பெல் ஆய்வக யூனிக்ஸில் அது வரிக்கு ஒரு கோப்பின் பெயரை எழுதியது. பெர்க்லியில் உருவான வடிவம் திரையின் அகலத்துக்கு ஏற்பப் பல நெடுவரிசைகளாக அடுக்கியது. அடுக்கியதைக் குழாயில் விட்டால் அடுத்த நிரல் திணறும் என்பதால், எழுதப்போகும் இடம் டெர்மினல்தானா என்று முதலில் கேட்டுப் பார்த்து, ஆம் என்றால் அடுக்குவது, இல்லையென்றால் வரிக்கு ஒன்றாக எழுதுவது என்று முடிவாயிற்று. இன்றும் அப்படித்தான். ஒரே கட்டளை ஆளுக்கு ஒரு முகம் காட்டுகிறது. அந்த முடிவை எடுக்கும் வரிகள் எல்எஸ் நிரலின் வயிற்றுக்குள் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்க்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. அதில் என்னென்ன விருப்பத்தேர்வுகள் தரப்பட்டிருக்கின்றனவோ அவ்வளவுதான்.

விருப்பத்தேர்வுகள் குட்டி மொழிகளாக வளர்ந்தன. ‘பிஎஸ்’ கட்டளையில் எந்த நெடுவரிசைகள் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கலாம், தலைப்பைக்கூட மாற்றலாம். ‘டேட்’ கட்டளைக்குச் சதவீதக் குறியோடு ஓர் எழுத்தைச் சேர்த்து ஆண்டு, மாதம், நாள் என்று தனித்தனியாகக் கேட்கலாம். ‘ஃபைண்ட்’ கட்டளையின் குனூ வடிவத்துக்கு அதற்கே உரிய அச்சுமொழி உண்டு. இவை ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. ஒரே சதவீதக் குறியும் ஒரே எழுத்தும் ஒரு கட்டளையில் ஒரு பொருளும் மற்றொன்றில் வேறு பொருளும் தரும். ஒவ்வொரு நிரலாசிரியரும் வடிவத்தை விவரிக்கும் பிரச்சினையைத் தன் வீட்டுக்குள் தனியே தீர்த்துக்கொண்டார்.

இந்த விருப்பத்தேர்வுகள் இல்லாத இடத்தில் மிஞ்சுவது, திரைக்காக எழுதப்பட்ட வரிகளை வெட்டி எடுப்பது. 1977-இல் ஆஹோ, வெயின்பெர்கர், கெர்னிஹன் மூவரும் எழுதிய ‘ஆக்’ மொழியால் ஐந்தாவது சொல்லை எடு, எட்டாவது சொல்லை எடு என்று சொல்ல முடிகிறது. அருமையான கருவி. ஆனால் ஐந்தாவது சொல் எது என்பது கோப்பின் பெயரில் ஓர் இடைவெளி வந்தால் மாறிவிடும். யூனிக்ஸ் கோப்புப் பெயரில் சாய்கோடும் வெற்று பைட்டும் தவிர வேறெந்த பைட்டும் வரலாம். வரி முறிவுகூட வரலாம். அதனால்தான் ஃபைண்ட் கட்டளைக்குப் பெயர்களை வெற்று பைட்டால் பிரித்துத் தரும் தனி வழி சேர்க்க வேண்டியதாயிற்று. கிட் உருவாக்கியவர்கள் இன்னும் நேர்மையாக நடந்துகொண்டார்கள். ‘ஸ்டேட்டஸ்’ கட்டளை மனிதருக்குக் காட்டும் வரிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். ‘போர்சலின்’ என்ற தேர்வோடு கேட்டால் வரும் வரிகள் மாறாது என்று உறுதி கொடுத்தார்கள். கண்ணுக்கு ஒன்று, நிரலுக்கு ஒன்று என இரண்டு வெளியீடுகள் தேவை என்பதை அவர்கள் எழுத்திலேயே ஒப்புக்கொண்டார்கள்.

ஜெஃப்ரி ஸ்னோவர் மைக்ரோசாஃப்டுக்கு வந்தபின் முதலில் யூனிக்ஸ் கருவிகளை விண்டோஸுக்குக் கொண்டுவரப் பார்த்தார். பயன்படவில்லை. யூனிக்ஸில் அமைப்பு விவரங்கள் பெரும்பாலும் எழுத்துக் கோப்புகளில் இருக்கும். கிரெப் கட்டளையால் தேடினால் கிடைக்கும். விண்டோஸில் அவை நிரல்வழி அழைத்தால் மட்டும் கிடைக்கும் கட்டமைந்த தரவுகளாக இருந்தன. 2002 ஆகஸ்டில் அவர் எழுதிய ‘மோனாட் மானிஃபெஸ்டோ’ இதிலிருந்துதான் புறப்படுகிறது. குழாயில் எழுத்துக்குப் பதிலாக டாட்நெட் ஆப்ஜெக்ட்களையே விடலாம் என்பது அதன் மையம். எழுத்தை வெட்டித் தரவைத் தேடும் பழக்கத்தைப் ‘பிரார்த்தனை வழிப் பாகுபாடு’ என்று அவர் அழைப்பதுண்டு. வெட்டிய இடம் சரியாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்ளும் நிலை அது. மோனாட் 2003-இல் மேடையேறியது, 2006 ஏப்ரலில் பவர்ஷெல் என்று பெயர் மாறியது, அதே ஆண்டு நவம்பரில் முதல் பதிப்பாக வெளிவந்தது.

குழாயில் ஆப்ஜெக்ட் ஓடுகிறது என்றால், குழாய் முடியும் இடத்தில் மனிதர் பார்ப்பது என்ன? யூனிக்ஸில் எழாத இந்தக் கேள்விக்கு இங்கே பதில் சொல்லியாக வேண்டும். ஓர் இயங்கும் நிரலைக் குறிக்கும் ஆப்ஜெக்டில் அறுபதுக்கும் மேற்பட்ட பண்புகள் உண்டு. எல்லாவற்றையும் கொட்டினால் யாராலும் வாசிக்க முடியாது. எதைக் காட்டுவது என்று கட்டளையே தீர்மானித்தால் மறுபடியும் அச்சிடும் வேலை அதன் வயிற்றுக்குள் போய்விடும். பவர்ஷெல்லை வடிவமைத்தவர்கள் அந்தத் தீர்மானத்தைக் கட்டளையிடமிருந்தும் ஆப்ஜெக்டிடமிருந்தும் பிரித்தெடுத்து, வகைப்பெயரைச் சாவியாகக் கொண்ட தனிப் பதிவேட்டில் வைத்தார்கள். ஒவ்வொரு குழாயின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாமல் ‘அவுட்-டிஃபால்ட்’ நிற்கிறது. வரும் ஆப்ஜெக்டின் வகையைப் பார்த்து, பதிவேட்டில் விவரணம் இருந்தால் அதன்படி வரைகிறது. இல்லையென்றால் பண்புகள் நான்கு வரை அட்டவணையாகவும், ஐந்தோ அதற்கு மேலோ என்றால் ஒன்றன்கீழ் ஒன்றாகவும் காட்டுகிறது.

அந்த விவரணத்தின் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். வெளிக்கூட்டில் வகையின் பெயர் இருக்கிறது. அதனுள் ஒரு பட்டியல். பட்டியலின் ஒவ்வோர் உறுப்பும் ‘ஃபார்மேட் வியூ டெஃபினிஷன்’, அதாவது பெயரிட்ட ஒரு தோற்றம். ஒரே வகைக்குப் பல தோற்றங்கள் இருக்கலாம். இயங்கும் நிரல்களுக்கு வழக்கமான அட்டவணை தவிர, முன்னுரிமைப்படி குழுவாகப் பிரித்துக் காட்டும் தோற்றம் ஒன்றும், தொடங்கிய நேரப்படி பிரிப்பது ஒன்றும் உள்ளுக்குள் தயாராகவே இருக்கின்றன. பெயர் சொல்லிக் கேட்டால் வரும். பலருக்கு அவை இருப்பதே தெரியாது. தோற்றத்தின் உள்ளே ‘பிஎஸ்கன்ட்ரோல்’ என்ற பொதுத் தாய் கிளாஸிலிருந்து பிறந்த நான்கில் ஒன்று அமர்ந்திருக்கும்: அட்டவணை, பட்டியல், பெயர்களை மட்டும் பரப்பிக் காட்டும் அகலத் தோற்றம், கையால் வகுத்த தனித் தோற்றம்.

அட்டவணையை எடுத்துக்கொண்டால், தலைப்புகள் ஒரு பக்கம், வரிசைகள் ஒரு பக்கம் என்று பிரிந்திருக்கின்றன. தலைப்புக்கு உரியவை மூன்று: காட்ட வேண்டிய பெயர், இடமா நடுவா வலமா என்பது, அகலம். அகலம் ஒரு முழு எண்; பூச்சியம் என்றால் நீயே பார்த்துக்கொள் என்று பொருள். வரிசையின் ஒவ்வொரு கட்டமும் தன் மதிப்பை இரண்டு வழிகளில் பெறலாம். ஒன்று, பண்பின் பெயரை நேரே சொல்வது. மற்றது, ஒரு சிறு நிரல்துண்டைத் தருவது. அதை ஒவ்வோர் ஆப்ஜெக்டின் மீதும் ஓட்டினால் கிடைப்பது கட்டத்தில் எழுதப்படும். பைட்டை மெகாபைட்டாக்கும் வகுத்தல் நடப்பது இந்த இரண்டாம் வழியில்தான். கோப்புகளைப் பட்டியலிடும்போது மேலே ஒருமுறை மட்டும் ‘டைரக்டரி’ என்று வருகிறதே, அது குழுப் பிரிப்புக்கென்று தாய் கிளாஸிலேயே வைத்திருக்கும் உறுப்பால் வருவது.

இப்படிப் பிரித்து வைத்ததால் கிடைத்த பலனுக்கு கெட்-பிராசஸே நல்ல சாட்சி. 5.1 பதிப்பில் நினைவக அளவு கிலோபைட்டில் காட்டப்பட்டது. ‘ஹேண்டில்ஸ்’ என்ற நெடுவரிசையும் முதலில் நின்றது. இன்றைய 7-ஆம் பதிப்பில் அளவு மெகாபைட்டில் வருகிறது, ஹேண்டில்ஸ் அட்டவணையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. யூனிக்ஸ் உலகில் புகழ்பெற்ற ஒரு கட்டளையின் வெளியீட்டில் முதல் நெடுவரிசையை நீக்கி இன்னொன்றின் அலகை 1,024 மடங்கு மாற்றினால், அதை வெட்டிப் படிக்கும் ஸ்கிரிப்டுகள் எத்தனை பாழாகும் என்று எண்ணிப்பாருங்கள். எல்எஸ் கோப்புப் பெயர்களை டெர்மினலில் மேற்கோள் குறிக்குள் காட்டத் தொடங்கிய 2016-ஆம் ஆண்டு மாற்றத்துக்கே பெரும் எதிர்ப்பு எழுந்தது. பவர்ஷெல்லில் பண்பின் பெயரைக் கேட்டு எழுதிய ஸ்கிரிப்டுகள் அப்படியே ஓடின. மாறியது விவரணம் மட்டும், தரவு அசையவில்லை. காட்சியைத் திருத்தும் சுதந்திரம் நிரலாசிரியருக்குக் கிடைப்பது சின்ன விஷயமில்லை. அது இல்லாத இடத்தில் முப்பதாண்டுக்கு முந்தைய தவறான அலகும் தவறான ஒழுங்கும் யாரும் தொட முடியாத மரபாகிவிடுகின்றன.

விவரணத்தை எழுதுவதற்குத் தொடக்கத்தில் எக்ஸ்எம்எல் கோப்புகள் இருந்தன. அப்படியிருக்க, கிளாஸ் எதற்கு? 2009-இல் வந்த இரண்டாம் பதிப்பு, தொலைவிலுள்ள கணினியில் கட்டளைகளை ஓட்டி விடைகளை இங்கே பெறும் வசதியைக் கொண்டுவந்தது. அங்கிருந்து வரும் ஆப்ஜெக்டின் வகை இங்குள்ள பதிவேட்டில் இல்லாமல் போகலாம். அப்போது தரவு வந்துசேரும், தோற்றம் வராது. ஆகவே தோற்றமும் பயணிக்க வேண்டும். அங்கே கோப்பாகக் கிடப்பதைத் தட்டையாக்கி இங்கே அனுப்பி, மறுபடி கோப்பாக எழுதிக்கொள்வதற்கு ஏற்றபடி விவரணமே ஆப்ஜெக்டாக வேண்டியிருந்தது. ‘கெட்-ஃபார்மேட்டேட்டா’ என்ற கட்டளை பதிவேட்டிலிருந்து எடுத்துத் தருவது இந்த எக்ஸ்டெண்டட் டைப் டெஃபினிஷன் ஆப்ஜெக்ட்களைத்தான். ‘எக்ஸ்போர்ட்-ஃபார்மேட்டேட்டா’ அவற்றைக் கோப்பாக எழுதுகிறது. தொலைக் கணினியின் கட்டளைகளை இறக்குமதி செய்யும்போது இவ்விரண்டின் வேலையும் பின்னணியில் நடக்கிறது.

பயணம் என்று வந்துவிட்டால் பழைய மொழி மட்டும் தெரிந்தவரிடம் புதிய மொழியில் பேசும் சிக்கலும் வரும். 5.1 பதிப்பில் விவரணத்தில் புதிய கூறுகள் சேர்ந்தன. பழைய பதிப்பு ஓடும் கணினி அவற்றைப் புரிந்துகொள்ளாது. எனவே கெட்-ஃபார்மேட்டேட்டா கட்டளையிடம் நான் எந்தப் பதிப்புக்காரன் என்று சொல்லும் தேர்வு சேர்க்கப்பட்டது. 5.1-இல் அதைச் சொல்லாமல் கேட்டால் கோப்புகளுக்கான விவரணம் வரவே வராது. அது பழையவர்களுக்குப் புரியாது என்று ஒதுக்கிவைக்கப்படுகிறது. திரையில் கோப்புப் பட்டியல் அழகாக வருகிறது, அதன் விவரணத்தைக் கேட்டால் இல்லை என்கிறது. எச்சரிக்கை உணர்வோடு எடுத்த முடிவுதான். ஆனால் கேட்டவரைத் தவிக்கவிடும் முடிவு.

2018-இல் வெளிவந்த ஆறாம் பதிப்பிலிருந்து, பவர்ஷெல்லோடு வரும் இயல்பான தோற்றங்களுக்கான எக்ஸ்எம்எல் கோப்புகளே இல்லை. அவை சி-ஷார்ப் மூலநிரலாக மாற்றப்பட்டு, அதே கிளாஸ்களைக் கொண்டு வரிவரியாகக் கட்டப்படுகின்றன: அட்டவணை தொடங்கு, வலப்பக்கத் தலைப்பு ஏழு கட்டம், அடுத்தது எட்டு, பிறகு பத்து, பத்து, ஏழு, மூன்று, வரிசை தொடங்கு, இந்த நிரல்துண்டு, இந்தப் பண்பு, முடி. ஒவ்வொரு முறை ஷெல்லைத் திறக்கும்போதும் எக்ஸ்எம்எல்லை வாசித்துப் பாகுபடுத்தும் பாரம் இதனால் இல்லை. முன்பெல்லாம் கோப்பைத் திறந்து பார்த்தே தோற்றத்தைக் கற்றுக்கொள்ளலாம். இப்போது கட்டளையைக் கேட்டோ மூலநிரலைத் தேடியோதான் பார்க்க முடியும். நமக்கென்று எழுதிக்கொள்ளும் தோற்றங்களுக்கு எக்ஸ்எம்எல் வழி இன்றும் திறந்தே இருக்கிறது.

இனி விலை. தலைப்பும் பண்பும் வேறு வேறு என்பதைத் திரை எங்கும் சொல்வதில்லை. பார்க்கும் எவருக்கும் அட்டவணைதான் உண்மை என்று தோன்றும். அப்படித் தோன்றும்படிதான் அது வரையப்பட்டிருக்கிறது. இரண்டாவது சிக்கல் இதைவிட ஆழமானது. ‘ஃபார்மேட்-டேபிள்’ கட்டளையைக் குழாயின் நடுவில் போட்டு, அடுத்து சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால், கோப்பில் நிரல்களின் விவரம் இருக்காது. பக்கத் தலைப்பு, குழு, வடிவம் என்று புரியாத பெயர்களும் நீண்ட அடையாள எண்களும் நிறைந்திருக்கும். தரவு ஆப்ஜெக்ட்களை விழுங்கிவிட்டு, ஃபார்மேட்-டேபிள் வரைதல் கட்டளைகளான வேறு ஆப்ஜெக்ட்களைத் துப்புவதே காரணம். வடிகட்டலை இடப்பக்கம் வை, வடிவத்தை வலப்பக்கம் வை என்று பவர்ஷெல் ஆசிரியர்கள் சொல்லித்தருவது இதற்காகத்தான். வடிவ ஆப்ஜெக்ட்களும் மற்றவைபோலவே குழாயில் ஓட அனுமதித்தது பிழையான முடிவு என்பது என் கருத்து. அவற்றைத் திரை, கோப்பு, அச்சுப்பொறி தவிர வேறெங்கும் அனுப்பினால் நிறுத்தி எச்சரிப்பது கடினமான வேலை இல்லை.

கட்டத்துக்குள் நிரல்துண்டு வைக்கலாம் என்ற வசதிக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. வெறுமனே பார்த்தாலே நிரல் ஓடுகிறது. ஒரு பட்டியலைக் காட்டு என்பது தீங்கற்ற கட்டளை என்று நாம் எண்ணுவோம். தோற்றக் கோப்பை எழுதியவர் அதற்குள் எதையும் வைத்திருக்கலாம். அதனால்தான் ஸ்கிரிப்டுகளுக்குள்ள கையொப்பக் கட்டுப்பாடு இந்தக் கோப்புகளுக்கும் பொருந்துகிறது.

இதே கேள்விக்கு வேறு இடங்களில் கிடைத்த விடைகளையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜூனிபர் நிறுவனத்தில் உருவாகி, 2016-இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 11-இன் பல கட்டளைகளில் புகுந்த ‘லிப்எக்ஸ்ஓ’ நூலகம் விவரணத்தை அச்சிடும் வரியிலேயே வைத்தது. இது தலைப்பு, இது சிட்டை, இது மதிப்பு, இது அலகு, இது வெறும் இடைவெளி என்று ஒவ்வொரு துண்டுக்கும் வடிவச் சரத்தில் ஓர் எழுத்து அடையாளம் தரப்படும். ஒரே அழைப்பிலிருந்து வெறும் எழுத்து, எக்ஸ்எம்எல், ஜேசன், எச்டிஎம்எல் நான்கும் பிறக்கும். ‘நெட்ஸ்டாட்’ போன்ற பழைய கட்டளைகள் வெளித்தோற்றம் மாறாமல் ஜேசன் பேசக் கற்றன. மரபைக் குலைக்காத வழி. ஆனால் விவரணம் மறுபடியும் நிரலின் வயிற்றுக்குள்ளேயே.

குபெர்னெட்டிஸ் எதிர்த்திசையில் நடந்தது. 1.11 பதிப்பிலிருந்து ‘கியூப்சிடிஎல்’ கருவி காட்டும் அட்டவணையைச் சர்வரே தயாரித்து அனுப்புகிறது. புதிய வகை ஒன்றை வரையறுப்பவர் அந்த வரையறைக்குள்ளேயே நெடுவரிசைகளையும் எழுதலாம்: பெயர், தரவு வகை, மதிப்பு இருக்கும் பாதை, முன்னுரிமை. முன்னுரிமை பூச்சியம் என்றால் எப்போதும் தெரியும். அதற்கு மேல் என்றால் அகலமாகக் கேட்டால் மட்டும் தெரியும். கட்டத்துக்குள் நிரல்துண்டுக்கு இடமே இல்லை, பாதை மட்டும்தான். பவர்ஷெல்லைவிடக் கைகட்டிய வடிவம் இது. ஆனால் பார்ப்பதால் எதுவும் ஓடாது, சர்வரில் வகை மாறும்போது எல்லாருடைய திரையும் சேர்ந்தே மாறும். புதிதாக ஒன்றை இன்று வடிவமைப்பவர் இந்தக் கட்டுப்பாட்டைத்தான் முதலில் பின்பற்ற வேண்டும் என்று நினைக்கிறேன்.

இவை எல்லாவற்றிலும் கேள்வியே கேட்காமல் விடப்பட்ட ஓர் உறுப்பு உண்டு: அகலம். ஏழு, எட்டு, பத்து என்ற எண்கள் எதை எண்ணுகின்றன? ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்து ஒரு கட்டம். சீன, ஜப்பானிய எழுத்துகளுக்கு இரண்டு என்பது வெகு காலமாகத் தெரியும். மார்கஸ் கூன் எழுதிய, யூனிக்ஸ் டெர்மினல்களில் பரவிய கணக்கு, யூனிகோட் இடம்பிடிக்காதவை என்று வகைப்படுத்திய குறிகளுக்குப் பூச்சியமும் ஏனைய குறிகளுக்கு ஒன்றும் தருகிறது. தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் முதல் வகை. இகரக் குறியும் ஆகாரக் குறியும் இரண்டாம் வகை. அதனால் ‘கி’ இரண்டு கட்டம், ‘கீ’ ஒரு கட்டம். குறிலுக்கு இரு மடங்கு இடம், நெடிலுக்குப் பாதி. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, இந்தக் கணக்கில் நான்கு.

பவர்ஷெல்லின் கணக்கு இதைவிட எளிமையானது. கிழக்காசிய அகல எழுத்துகளுக்கு இரண்டு, மற்ற குறிகள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ‘தமிழ்’ அங்கே ஐந்து. தமிழ்ப் பெயருள்ள கோப்புகளைப் பெயர் முன்னால் வரும்படி பட்டியலிட்டால், ஐந்து கட்டம் நிரம்பியதாக எண்ணி இடைவெளியைக் குறைக்கிறது. திரை நான்கு கட்டத்திலோ மூன்றிலோ வரைகிறது. பின்னால் வரும் நெடுவரிசைகள் இடப்பக்கம் சரிகின்றன. சரிவைப் பொறுத்துக்கொள்ளலாம். அகலம் போதாதபோது நடப்பதுதான் பொறுக்க முடியாதது. மெய்க்கும் அதன் உயிர்க்குறிக்கும் நடுவே வெட்டு விழலாம். ‘கொடி’ என்று தொடங்கும் பெயரில் முதல் குறியோடு வெட்டினால் எஞ்சுவது ‘க’. எழுத்து குறையவில்லை, வேறு எழுத்தாகிவிடுகிறது. தொடரும் என்று காட்டும் மூன்று புள்ளிகள் பெயர் முடியவில்லை என்று சொல்லும். முதல் எழுத்து மாறிவிட்டது என்று சொல்லாது.

திருத்தம் எங்கே செய்ய வேண்டும் என்பது, விவரணத்தைத் தனியே பிரித்து வைத்ததால், இப்போது தெளிவாகச் சுட்டிக்காட்டக்கூடியது. ஒவ்வொரு கட்டளையையும் தொட வேண்டியதில்லை. விவரணத்தை வாசித்து வரையும் அந்த ஒரே இடம் குறிகளை எண்ணுவதை விட்டு, மெய்யும் குறியும் சேர்ந்த எழுத்துக் கொத்துகளை எண்ணினால் போதும். யூனிகோட் அதற்கான விதிகளை ஏற்கெனவே வகுத்திருக்கிறது. டாட்நெட் 5 முதல் அந்த விதிப்படி சரத்தைப் பிரிக்கும் வசதி நூலகத்திலேயே இருக்கிறது. 2024-இல் முன்னோட்டமாக வந்த விண்டோஸ் டெர்மினல் 1.22 கொத்துகளை அலகாகக் கொள்ளத் தொடங்கிவிட்டது. பழைய கணக்குகளை விரும்புபவர்களுக்கு அவற்றையும் தேர்வாக வைத்திருக்கிறது. வரையும் திரையும் அளக்கும் ஷெல்லும் ஒரே அலகைப் பேசாதவரை இடையில் நிற்கும் அட்டவணை சரிந்துகொண்டுதான் இருக்கும். தமிழ், மலையாளம், வங்காளம், தாய் ஆகிய மொழிகளில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் வெட்டு எங்கே விழுந்தது என்பதற்கான எடுத்துக்காட்டுகளைத் திரட்டி, பவர்ஷெல்லின் திறந்த மூலநிரலில் அந்த அளக்கும் செயல்பாட்டுக்கான சோதனைகளாக எழுதிச் சேர்க்கலாம்.